பன்னிரண்டு மார்க் தங்கம்: விலை பேசும் முன் எடை போடுங்கள்

கேள்வி: டென்மார்க்கில் ஓர்ஹுஸ் நகரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் பழைய டேனிஷ் தங்க நாணயங்கள் மேல் ஓர் ஆசை. இங்கே ஒரு பழம்பொருள் கடையில் ஐந்தாம் ஃபிரெடரிக் மன்னரின் தலை போட்ட 1761-ஆம் ஆண்டுத் தங்க நாணயம் ஒன்றைக் காட்டினார்கள். "இது டுகட், 23½ கேரட். உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் போதும்" என்கிறார் கடைக்காரர். கூடவே இருந்த சீட்டில் "12 மார்க், 1÷" என்று எழுதியிருக்கிறது. எடை 3.04 கிராம். மன்னர் தலைக்கு நேர் மேலே விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. வாங்கலாமா? இன்னொன்று: ஊரில் என் மச்சான் "தரங்கம்பாடித் தங்க வராகன் ஒன்று கிடைக்கிறது, அனுப்பி வைக்கவா?" என்று கேட்கிறார். நான் இப்போதுதான் தொடங்குகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த விலைக்கு வாங்காதீர்கள். நாணயம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லும் பெயரும் சீட்டில் இருக்கும் பெயரும் இரண்டு வேறு நாணயங்களுடையவை. நீங்கள் இழக்கப்போவது அந்த வித்தியாசத்தில்தான். வராகன் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கும் பதில் "வேண்டாம்" என்பதே. காரணம் மட்டும் வேறு.

டென்மார்க்கில் 18-ஆம் நூற்றாண்டில் "டுகட்" என்ற பெயரில் இரண்டு வகைத் தங்கம் அச்சானது. ஒன்று அசல் டுகட். பிற்பாடு "ஸ்பெசி டுகட்" என்று இதைப் பிரித்துச் சொன்னார்கள். ஐரோப்பா முழுதும் வணிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய சர்வதேச வணிக நாணயம் இது. கொலோன் மார்க் என்ற பழைய நிறையில், அதாவது ஏறத்தாழ 233.8 கிராமில், 67 நாணயம். ஆக ஒன்று 3.49 கிராம். டேனிஷ் டுகட்டின் தரம் 23½ கேரட், ஆயிரத்துக்கு 979. நம் பேச்சில் பத்தரை மாற்றுக்குப் பக்கத்தில் வரும் தங்கம்.

இரண்டாவது, ஐந்தாம் ஃபிரெடரிக் காலத்தில் 1757-இல் தொடங்கிய "குரான்ட் டுகட்". உள்நாட்டுப் புழக்கத்துக்கென்று 12 மார்க் மதிப்பு குறித்து வெளியிட்டது. இங்கே மார்க் என்பது நிறை இல்லை, பணம். 6 மார்க் ஒரு ரிக்ஸ்டாலர் (அன்றைய டேனிஷ் பணம்) என்பதால் இதன் மதிப்பு சரியாக 2 ரிக்ஸ்டாலர். அதே கொலோன் மார்க்கில் 75 நாணயம், ஒன்று சுமார் 3.12 கிராம். தரம் 21 கேரட், ஆயிரத்துக்கு 875. இரண்டும் அளவிலும் தோற்றத்திலும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. பெயரும் பாதி ஒன்று. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உங்கள் நாணயத்தில் மதிப்பு 12 மார்க், ஆண்டு 1761. எனவே அது குரான்ட் டுகட். கடைக்காரர் 979 தரம் என்று வைத்து 3.04 கிராமில் 2.98 கிராம் தங்கம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். 875 தரத்தில் அது 2.66 கிராம்தான். அவர் சொல்லும் "இரண்டு மடங்கு", உண்மையில் இரண்டேகால் மடங்கு ஆகிறது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பழம்பொருள் கடை என்றால் நாற்காலி, பீங்கான், வெள்ளிக் கரண்டி எல்லாம் விற்கும் கடை. நாணயத்தை மட்டுமே விற்கும் கடைக்காரர் இந்தத் தவறைச் செய்யமாட்டார்.

இதோடு ஒரு வரலாற்றுச் செய்தியையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நாணயம் இன்னும் தெளிவாகப் புரியும். கோபன்ஹேகனில் 1736-இல் தொடங்கிய குரான்ட் வங்கி, தன் காகிதப் பணத்துக்கு வெள்ளி கொடுப்பதை 1757-இல் நிறுத்திக்கொண்டது. ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 12 மார்க் தங்கமும் அதே ஆண்டு வெளிவந்தது. தரத்தைக் குறைத்து, நாணயத்தின் மேலேயே உள்நாட்டு மதிப்பைப் பொறித்த தங்கம் என்பது அந்த நெருக்கடிக் காலத்தின் அடையாளம். ஏழாம் கிறிஸ்டியன் காலத்தில், 1780-களின் முற்பகுதியில் இதே வகை மீண்டும் அச்சானது. காகிதப் பணம் சரிந்துகொண்டே போய் 1813-இல் அரசே திவாலானது. இப்படிப்பட்ட காலத்தில் நல்ல தங்கம் பெட்டிக்குள் போகும், அல்லது உலைக்குள் போகும். இன்று கைக்கு வருபவை அதில் தப்பியவை.

இனி சீட்டில் இருக்கும் "1÷". அது வகுத்தல் குறி இல்லை. டேனிஷ்காரர்கள் கழித்தல் குறியை நெடுங்காலமாக இப்படித்தான் எழுதுகிறார்கள். அதை "ஒன்று மைனஸ்" என்று படிக்க வேண்டும். நாணயத்தின் நிலையைக் குறிக்கும் டேனிஷ் அளவுகோல் மேலிருந்து கீழாக 0, 01, 1+, 1, 1÷, 2 என்று இறங்கும். 0 என்பது புழக்கத்துக்கே போகாத நாணயம். 01 மிக நல்ல நிலை. 1+ என்றால் தேய்ந்திருந்தாலும் விவரங்கள் தெளிவாகத் தெரியும். வெறும் 1 என்பது நன்றாகவே தேய்ந்த நாணயம். "முதல் தரம்" என்று தமிழில் நினைத்துக்கொண்டு இதற்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. உங்களுடையது அதற்கும் ஒரு படி கீழே. முடியின் இழைகள் ஒன்றாகக் கலந்து வழவழப்பாகி, காதும் தாடையும் மட்டும் மேடாகத் தெரியும் நிலை. அது குற்றமில்லை. விலை மட்டும் அந்த நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அடுத்தது அந்தச் சொரசொரப்பு. என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதுதான். மன்னர் தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் விளிம்பு மட்டும் வேறாக இருந்தால், அங்கே ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்து யாரோ கழுத்தில் அணிந்திருந்தார்கள் என்பதே முதல் ஐயம். நம் வீடுகளில் சவரனைக் காசுமாலையில் கோத்ததைப் போல ஐரோப்பாவிலும் டுகட்டைப் பதக்கமாகவும் சட்டை ஊசியாகவும் மாற்றிக்கொண்டார்கள். பிறகு விற்கும்போது வளையத்தை அறுத்து, அரத்தால் ராவி, மெருகு போட்டுவிடுவார்கள். பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை: பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிலும் உருட்டிப் பாருங்கள். விளிம்பின் வரிவேலை ஓர் இடத்தில் மட்டும் அறுந்து, வழுவழுவென்று அல்லது புள்ளி புள்ளியாக இருக்கும். வளையத்தைப் பற்றவைக்கப் பயன்படுத்திய உலோகப் பொடியின் நிறம் நாணயத்தின் நிறத்தோடு ஒட்டாமல் சற்று வெளுத்தோ சிவந்தோ தெரியும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுத்துகளின் ஓரம் உருகிய மெழுகு போல மழுங்கியிருக்கும். அது தேய்மானத்தால் வருவது இல்லை, சூட்டால் வருவது. தேய்மானம் மேட்டை மட்டும் தின்னும். சூடு மேடு பள்ளம் பார்க்காது.

இன்னொரு வகைக் கீறலை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாணயச்சாலையில் தங்க வில்லை கொஞ்சம் கனமாக இருந்தால், அச்சிடும் முன்பே அதை அரத்தால் ராவி எடையைச் சரிசெய்வார்கள். இந்தக் கோடுகளை டேனிஷ் ஏலப் பட்டியல்களில் "யுஸ்டர்ஸ்ட்ரீபர்" என்று குறிப்பார்கள். இவை இணையான கோடுகளாக ஓடும். அச்சு மேலே விழுந்ததால் உருவத்தின் அடியில் அழுந்திப் போயிருக்கும். மேடான இடங்களில் தேய்ந்து மறைந்து, பள்ளத்திலோ ஓரத்திலோ மிஞ்சியிருக்கும். பிற்காலத்து அரம் எழுத்துகளின் தலைமேலேயே ஏறிப் போயிருக்கும். முன்னது பிறவி மச்சம், பின்னது காயம். முன்னதுக்கு விலை சற்றுக் குறையும், பின்னதுக்குப் பாதிக்கு மேலும் குறையலாம்.

எடைக்கு வருவோம். 3.12 கிராமுக்கு 3.04 என்பது நூற்றுக்கு இரண்டரை குறைவு. இவ்வளவு தேய்ந்த நாணயத்தில் அது நடக்கக்கூடியதே. ஆனால் வளையம் இருந்த நாணயத்தில் எடை மட்டும் சாட்சி சொல்லாது. ராவியதால் குறைந்ததைப் பற்றவைத்த பொடி ஈடுகட்டியிருக்கும். எடை சரியாக இருப்பதாலேயே நாணயம் முழுமையானது என்று நம்பக் கூடாது. குறுக்களவையும் வெர்னியரில் இரண்டு திசையில் எடுங்கள், 12-6 வாக்கில் ஒன்று, 3-9 வாக்கில் ஒன்று. வில்லை முழு வட்டமாக இல்லாததால் சிறு வித்தியாசம் எப்போதும் இருக்கும். 12-6 மட்டும் அரை மில்லிமீட்டர் குறைந்தால் அங்கே அரம் வேலை செய்திருக்கிறது.

உண்மைத்தன்மைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை, நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்ப்பது. இதைப் பலர் தவறான தராசில் செய்து தவறான முடிவுக்கு வருகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மில்லிகிராம் வரை, அதாவது 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 50 கிராம் தாங்கினால் போதும். முதலில் நாணயத்தை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சிறிய பிளாஸ்டிக் குவளையில் 20 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். கண்ணாடிக் குவளை வேண்டாம், அதன் கனமே தராசின் வரம்பைத் தாண்டிவிடும். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். நாணயத்தின் மேல் காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க இது உதவும். தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். தலைமுடி போன்ற மெல்லிய நைலான் இழையில் சுருக்குப் போட்டு நாணயத்தைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீருக்குள் தொங்கவிடுங்கள். இழையின் மறுமுனை தராசுக்கு வெளியே ஒரு தாங்கியில் இருக்க வேண்டும். கையில் பிடித்தால் எண் நிற்காது. இப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

875 தரத் தங்கத்தில் மீதி செம்பாக இருந்தால் அடர்த்தி 16.9 அளவிலும், வெள்ளியாக இருந்தால் 17.5 அளவிலும் வரும். இரண்டும் கலந்திருந்தால் நடுவில் நிற்கும். உங்கள் 3.04 கிராம் நாணயத்துக்குத் தராசு 0.174 முதல் 0.180 வரை காட்ட வேண்டும். அசல் டுகட் தரம் என்றால் அடர்த்தி 18.9, காட்டும் எண் 0.161. பதினெட்டு கேரட்டில் செய்த போலி என்றால் 0.196 பக்கம். தங்கமுலாம் பூசிய வெள்ளி 0.29, பித்தளை 0.36.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல நாணயத்துக்கும் பதினெட்டு கேரட் போலிக்கும் நடுவே இருப்பது இரண்டு சென்டிகிராம் மட்டுமே. நகைக்கடைகளில் சாதாரணமாக இருக்கும் 0.01 கிராம் தராசு ஓர் எண் தவறினாலே முடிவு புரண்டுவிடும். அது பித்தளையைப் பிடிக்கும், மாற்றுக் குறைந்த தங்கத்தைப் பிடிக்காது. தடித்த தையல் நூலும் இதே கெடுதலைச் செய்யும். அரை மில்லிமீட்டர் நூல் மூன்று சென்டிமீட்டர் நீருக்குள் இருந்தால் அதுவே ஐந்தாறு மில்லிகிராம் கூட்டிக் காட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். முடிந்ததும் நாணயத்தைத் துடைக்க வேண்டாம். மென்மையான துணியின் மேல் வைத்து இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

உரைகல்லில் உரைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நகைக்கு அது சோதனை, நாணயத்துக்கு நிரந்தர வடு. எக்ஸ்ரே கருவியில் காட்டலாம், அது தீங்கு செய்யாது. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் ஏமாறும். அடர்த்தியும் எக்ஸ்ரேயும் ஒரே பதிலைச் சொன்னால் உலோகத்தைப் பற்றிக் கவலை இல்லை.

உலோகம் சரியாக இருந்தும் நாணயம் போலியாக இருக்கலாம். நல்ல தங்கத்திலேயே வார்த்த போலிகளுக்கு லென்ஸ்தான் வழி. மன்னரின் பெயரைச் சுற்றி "டி.ஜி. டான். நோர். வி.ஜி. ரெக்ஸ்" என்ற சுருக்கம் ஓடும். இறையருளால் டென்மார்க், நார்வே நாடுகளுக்கும் வெண்டர், கோதர் மக்களுக்கும் அரசர் என்று பொருள். இந்த எழுத்துகளின் அடிப்பாகத்தை, எழுத்து தளத்தோடு சேரும் கோணத்தைப் பாருங்கள். அச்சு அடித்த நாணயத்தில் அந்தக் கோணம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். நாணயம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தப் பள்ள மூலைகள் கடைசி வரை கூர்மையாக நிற்கும். வார்ப்பில் அங்கே வளைவு விழுந்திருக்கும், ஊசிமுனை அளவு குழிகளும் தெரியும். அடுத்து, பழைய ஏலப் பட்டியல்களில் உள்ள அதே ஆண்டு நாணயங்களின் படங்களோடு ஒப்பிடுங்கள். வெவ்வேறு நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே வெட்டு, ஒரே கீறல் இருந்தால் அவை எல்லாம் ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்தவை. தற்செயலான காயம் இரண்டு நாணயத்தில் ஒரே மாதிரி விழாது.

மெல்லிய நாணயம் என்பதால் வளைந்து, பிறகு நிமிர்த்தியவையும் நிறைய உண்டு. மேசை விளக்கின் கீழ் நாணயத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். தளத்தின் மேல் ஒளி தடையில்லாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். ஒரு கோட்டில் ஒளி திடீரென்று மடிந்தால் அங்கே வளைவு இருந்தது.

விலையைப் பற்றி. நகை வாங்கும்போது தங்க விலை, செய்கூலி, சேதாரம் என்று பிரித்துப் பார்ப்பது நமக்குப் பழக்கம். இங்கேயும் தங்க மதிப்பைத் தனியாக எழுதுங்கள். முழு எடை குரான்ட் டுகட்டில் இருக்கும் தூய தங்கம் 2.73 கிராம், அசல் டுகட்டில் 3.42 கிராம். அதற்கு மேல் கொடுப்பது ஆண்டுக்கும் நிலைக்கும் வரலாற்றுக்கும். வளையம் இருந்து சரிசெய்த, 1÷ நிலையில் உள்ள நாணயத்துக்குத் தங்க மதிப்பின் மேல் கொஞ்சம் கொடுக்கலாம். இரண்டு மடங்கு கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் விதியில் "முதலீட்டுத் தங்கம்" என்ற விலக்கு 1800-க்குப் பின் அச்சான, 900-க்குக் குறையாத தரமுள்ள நாணயங்களுக்கே பொருந்தும். உங்கள் நாணயம் இரண்டு வகையிலும் அதற்குள் வராது. கடைக்காரர்கள் வழக்கமாகப் பழைய பொருளுக்கான "புருக்ட்மொம்ஸ்" முறையில் விற்பார்கள். அதில் வரி அவர்களின் லாபத்தின் மேல் மட்டும், உங்கள் ரசீதில் தனியாகத் தெரியாது. ஏலத்தில் எடுத்தால் ஏலம் முடிந்த விலையோடு கட்டணம் சேரும். எடுத்துக்காட்டாக 10,000 குரோனருக்கு முடிந்து கட்டணம் 25 சதவீதம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது 12,500. உச்ச வரம்பைக் கட்டணம் சேர்த்தே முடிவுசெய்யுங்கள்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னருக்கு ஒரு நாணயம் என்று தொடங்குவதைப் பலர் விரும்புவார்கள். அந்த நூற்றாண்டில் நால்வர்தான்: நான்காம் ஃபிரெடரிக் (1730 வரை), ஆறாம் கிறிஸ்டியன் (1746 வரை), ஐந்தாம் ஃபிரெடரிக் (1766 வரை), ஏழாம் கிறிஸ்டியன் (1808 வரை). கேட்க எளிது, ஆனால் முதல் இருவரின் தங்கம் தொடக்கநிலைப் பையைக் காலிசெய்துவிடும். என் பரிந்துரை: முதலில் வளையம் படாத, 1 அல்லது 1+ நிலையில் ஒரு 12 மார்க். அடுத்து, 1790-களில் ஏழாம் கிறிஸ்டியன் வெளியிட்ட ஸ்பெசி டுகட். அதில் மன்னர் தலை இருக்காது. இடுப்பில் இலை கட்டிய காட்டுமனிதன் கேடயத்தோடு நிற்பான். ஒரு கையில் இதையும் மறு கையில் 12 மார்க்கையும் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 979 தங்கத்தின் ஆழ்ந்த மஞ்சளும் 875-இன் நிறமும் எப்படி வேறுபடுகின்றன என்பதைக் கண் அங்கேயே கற்றுக்கொள்ளும். 1771, 1775 ஆண்டுகளின் கிறிஸ்டியன் தோர் என்ற தங்க நாணயம் இன்னும் பெரியது. 6.68 கிராம், 903 தரம், அரிதானது. அது பிறகு வரட்டும்.

தனியாகச் சொல்ல வேண்டியவை கினியா டுகட்கள். இன்றைய கானாவின் அக்ராவில், ஓசு என்ற இடத்தில் டேனிஷ்காரர்களின் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை இருந்தது. 1671-இல் தொடங்கிய மேற்கிந்திய-கினியா கம்பெனி அந்தக் கரையிலிருந்து கொண்டுவந்த தங்கத்தில் அச்சிட்ட டுகட்களில் கோட்டையையும் கப்பலையும் பொறித்தார்கள். விரல்நகம் அளவு வட்டத்துக்குள் கொத்தளம், கொடி, பாய்மரம் என்று அத்தனையும் இருக்கும். சேகரிப்பவர்கள் இதற்காக ஏங்குவது இயல்பு. ஆனால் அதே கம்பெனியின் கப்பல்கள் அதே கோட்டையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயின. டென்மார்க் இந்த வாணிபத்தைத் தடைசெய்யும் ஆணையை 1792-இல் பிறப்பித்து, 1803-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கினியாக் கரையில் மாற்றுச் சரக்காகப் போனவற்றில் இந்தியப் பருத்தித் துணியும் உண்டு. இந்த நாணயத்தை வைத்திருப்பவர் தன் குறிப்பேட்டில் எடையையும் தரத்தையும் மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதிக் குறிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. போலிகள் அதிகம் கவனிக்க வேண்டிய வகையும் இதுவே. சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம்.

நாணயத்தைப் பெயரால் கேட்காமல் எண்ணால் கேட்கப் பழகுங்கள். டேனிஷ் நாணயங்களுக்கு எண் கொடுத்த பட்டியல் நூல்களின் பெயரால் ஹேடே எண், சீக் எண், ஆண்டுவாரியான அச்சு வேறுபாடுகளுக்கு ஸ்கோவ் எண் என்று வரும். சீட்டிலோ ஏலக் குறிப்பிலோ இவற்றில் ஒன்றாவது இல்லையென்றால் விற்பவர் நாணயத்தை அடையாளம் காணவில்லை என்று பொருள். நாணயத்தில் உள்ள முதலெழுத்துகளும் உதவும். ஹெச்.எஸ்.கே. என்றிருந்தால் கோபன்ஹேகன் நாணயச்சாலை அதிகாரி ஹான்ஸ் ஷீர்வன் க்னோஃப். ஆண்டும் அதிகாரியின் காலமும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கோபன்ஹேகனில் தேசிய அருங்காட்சியகத்தின் அரச நாணயப் பதக்கத் தொகுப்பைப் போய்ப் பாருங்கள். நல்ல நாணயத்தைப் பலமுறை பார்த்த கண்ணைப் போலி எளிதில் ஏமாற்றாது.

பழைய சீட்டுகளையும் உறைகளையும் தூக்கிப் போடாதீர்கள். வெண்ணெய் வணிகர் எல். இ. புரூன் 1923-இல் இறக்கும்போது, தன் 20,000-க்கு நெருங்கிய நாணயத் தொகுப்பை நூறு ஆண்டு விற்கக் கூடாது என்று உயில் எழுதினார். போரில் அரசுத் தொகுப்பு அழிந்தால் தன்னுடையது ஈடாக நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். நூறு ஆண்டு முடிந்து, 2024 செப்டம்பரில் கோபன்ஹேகனில் ஏலம் தொடங்கியது. அங்கிருந்து வெளிவரும் நாணயங்களுக்கு வம்சாவளி எழுத்தில் இருக்கிறது. அந்தச் சீட்டு பிரிந்துவிட்டால் மதிப்பில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். எழுத்து இல்லாத வம்சாவளியை, "புரூன் தொகுப்பிலிருந்து வந்தது" என்ற வாய்ச்சொல்லை, ஏற்க வேண்டாம்.

"வயலில் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் உடனே விலகுங்கள். டென்மார்க்கில் மண்ணிலிருந்து எடுத்த தங்கக் காசு "டானஃபே", அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து ஈட்டுத்தொகை பெற வேண்டும். விற்பதும் வாங்குவதும் குற்றத்தில் கொண்டுபோய் விடும்.

இப்போது மச்சானுக்குச் சொல்ல வேண்டியது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை இருந்தார்கள். அங்கே சாதாரணமாகக் கிடைப்பவை ஈயக் காசு, அரசர் பெயரின் முதலெழுத்து போட்ட செப்புக் காசு, அரிதாக ராயலின் என்ற வெள்ளிக் காசு. அங்கே அச்சான தங்க வராகன் அருங்காட்சியகங்களிலும் பெரிய ஏலங்களிலும் மட்டுமே தலைகாட்டும் அளவுக்கு அபூர்வம். ஊரில் கைமாறும் "தங்க வராகன்" பெரும்பாலும் ஏழாம் கிறிஸ்டியனின் "சி"-க்குள் 7 போட்ட செப்புக் காசின் மேல் முலாம் பூசியதாகவே இருக்கும். மேலே சொன்ன நீர்ச் சோதனையில் அடர்த்தி 9-க்குப் பக்கத்தில் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. ஒருவேளை உண்மையாகவே தங்கமாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. தபாலில் போட்டாலும் பயணப் பெட்டியில் வைத்தாலும் குற்றமே. மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததாக இருந்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அது இன்றும் நடப்பில் உள்ளது. மச்சானை இதில் இழுத்து விடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிவிசி உறை வேண்டாம். நாளாக நாளாக அது கசிந்து, செம்பு கலந்த தங்கத்தின் மேல் பச்சைப் பிசின் படியும். பாலியெஸ்டர் உறையோ, நாணயத்தின் குறுக்களவுக்குச் சரியான கெட்டிக் கூடோ போதும். விளிம்பை மட்டும் பிடியுங்கள். புளி, பற்பசை, நகைக்கடைத் திரவம் எதுவும் வேண்டாம். பிவிசி பிசின் ஏற்கெனவே படிந்திருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் சில நிமிடம் போட்டு, தேய்க்காமல் உலர விடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் தங்க நாணயத்துக்குத் தனி வரம்பு இருக்கும். பாலிசியைப் படித்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் வங்கிப் பெட்டகம் எடுங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். "குரான்ட் டுகட், 12 மார்க், 875 தரம்" என்றும், வளையம் அகற்றியது என்று லென்ஸில் உறுதியானால் அதையும் சேர்த்து ரசீதில் எழுதித் தருவாரா? வெளியில் சோதித்து, தரம் தவறென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுப்பாரா? 2.66 கிராம் தங்கத்தின் அன்றைய மதிப்பை அடிப்படையாக வைத்து விலையைப் புதிதாகப் பேசுவாரா? மூன்றுக்கும் சரி என்றால், தங்க மதிப்புக்கு மேல் கால் பங்கு வரை போகலாம். கையில் வைத்துப் பழக அது நல்ல நாணயம். ஒன்றுக்காவது தயங்கினால் அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். வளையம் படாத 12 மார்க் டேனிஷ் ஏலங்களில் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.